நன்றி சொல்லிவிட்டு எறிந்த காபி

எங்கள் இல்லத்தின் பதிவேட்டில் என் கையெழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "காலை எட்டேகால். எத்திராஜ் நன்றி தெரிவித்துவிட்டு டம்ளரை எறிந்தார்." மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த நாள், "நன்றி தெரிவித்துவிட்டு இரண்டு டம்ளர்களை எறிந்தார்." மூன்று வாரம் இதையே எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, சந்தேகமும் வரவில்லை. நேரத்தைச் சரியாகக் குறித்தேனா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாற்பது நிமிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். 'தரமான பராமரிப்பு' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். யாரையாவது திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வருத்தப்படுவேன். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். இதில் திட்டு வாங்கப்போவது பெரும்பாலும் நான்தான்.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களா. அதில் ஆட்டிசம் உள்ளவர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுமாகப் பதினொரு பேர் தங்கியிருந்தார்கள். அந்த இல்லத்துக்கு நான் இருபத்திரண்டு வருடம் பொறுப்பாளர். பதினொரு பேரும் பெரியவர்கள். ஆனால் நிர்வாகக் குழுவில் அத்தனை பேரும் அவர்களைக் 'குழந்தைகள்' என்றுதான் சொல்வார்கள். எத்திராஜ் என்ற குழந்தைக்கு அப்போது நாற்பத்தொரு வயது. முன்பக்கம் வழுக்கை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவிங்.

எத்திராஜுக்குப் பேச்சு கிடையாது. பேச வேண்டியதையெல்லாம் படக் கார்டுகளைக் கொண்டு பேசுவார். ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டியிருப்பார். காபி, குளியல், ரேடியோ, வெளியே போக வேண்டும் என்று இருபது கார்டுகள் இருந்தன. அவற்றில் அவர் அதிகம் பயன்படுத்தியது 'வேண்டாம்' கார்டு. விரித்த உள்ளங்கை ஒன்று படமாக வரைந்திருக்கும். அட்டை நைந்து, மூலைகள் உருண்டு, மேலே செல்லோ டேப் சுற்றி, அந்த டேப்பின் மேல் சாம்பார் காய்ந்து கிடக்கும். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அது வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை பஜனைக்கு வேண்டாம். தலைக்கு எண்ணெய் வேண்டாம். பிறந்தநாள் கேக் வெட்ட இல்லத்துக்கு வந்து, கூடவே போட்டோவும் எடுத்துக்கொள்ளும் கம்பெனிக்காரர்கள் வேண்டவே வேண்டாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் கார்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பத்து வேலைக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது மூக்குக்கு முன்னால் ஓர் உள்ளங்கை வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்த வருடம் எங்களுக்குத் தரச் சான்றிதழ் வாங்கும் ஆசை வந்தது. ஆசைப்பட்டவர் நிர்வாகக் குழுச் செயலாளர். ஏதோ பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் அவருக்கு. சான்றிதழ் தருவதற்கு முன்னால் ஆய்வாளர் ஒருவர் வருவார், தங்கியிருப்பவர்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்ல வழி இருக்கிறதா என்று பார்ப்பார் என்று தெரிந்ததும் செயலாளர் நேரே அச்சகத்துக்குப் போய்விட்டார். பளபளவென்று புதிய கார்டுகள் வந்தன. எத்திராஜுக்கு இடுப்பு வளையத்தில் ஒரு செட், ஆய்வாளர் பார்க்கச் சுவரில் ஒரு செட்.

எந்தெந்தக் கார்டு என்று முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பட்டியலில் 'வேண்டாம்' வந்தபோது செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், இது நெகட்டிவ்வா இருக்கே. வர்றவங்க சுவத்துல இதப் பாத்தா என்ன நினைப்பாங்க? ஏதோ இங்க இருக்கவங்களுக்கு நம்மளையே புடிக்காத மாதிரி ஆயிடும்."

"எடுத்துடலாம் சார்" என்றேன். அரை நொடிகூட யோசிக்கவில்லை. அதற்குப் பதிலாக 'நன்றி' கார்டு சேர்ந்தது, இரண்டு கை கூப்பிய படத்தோடு. உடம்பு சரியில்லை என்பதற்கும் ஒரு கார்டு இருந்தது. வாயில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு ஒரு மனிதன். எத்திராஜ் தன் வாழ்நாளில் தெர்மாமீட்டரை வாயில் வைத்ததே இல்லை. அதனால் அந்தப் படத்தில் இருப்பது வேறு யாரோ என்று அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

பழைய வளையத்தை எத்திராஜிடமிருந்து நானே கழற்றினேன். எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். 'வேண்டாம்' கார்டை மட்டும் போட மனம் வரவில்லை, என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இரக்கமா, இனி இது இவர் கையில் கிடைக்கவே கூடாது என்ற எண்ணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் டம்ளர்கள் பறக்கத் தொடங்கின. காலையில் காபியைக் கொண்டுபோய் வைத்தால் எத்திராஜ் 'நன்றி' கார்டை எடுத்து நீட்டுவார். "பரவாயில்லையே, மரியாதை வந்துடுச்சே" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தால், பின்னாலேயே டம்ளர் வரும். இட்லித் தட்டும் வந்தது. பல் துலக்கும் பிரஷ் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய் ஒரு ஆட்டோவின் மேல் விழுந்தது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளவும் ஆரம்பித்தார். நான் தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

எத்திராஜுக்கு உறவென்று இருந்தது தங்கை மல்லிகா ஒருத்திதான். அடுகோடியில் துணி தைக்கும் யூனிட்டில் வேலை. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வருவாள். பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒன்று வாங்கி வந்து பாதி அண்ணனுக்கு, பாதி தனக்கு என்று பிட்டு, இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு ஞாயிறு அந்தத் தில்பசந்தும் பறந்தது.

"அண்ணன் இதக்கூட எறியுது மேடம். என்னமோ ஆயிருக்கு" என்றாள்.

"வயசாகுதில்ல, குணம் மாறும்" என்றேன். டாக்டர் போலச் சொன்னேன். அவளும் டாக்டர் சொன்னதாக நம்பிக்கொண்டு போனாள்.

ஆய்வு நெருங்க நெருங்கச் செயலாளருக்குக் கவலை. ஊருக்கு வெளியே, பஸ் மூன்று மாறிப் போக வேண்டிய இடத்தில், கட்டுப்படுத்த முடியாதவர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. கதவுகளுக்கு வெளியில் தாழ்ப்பாள். அங்கே ஒரு படுக்கை காலியாக இருக்கிறது, எத்திராஜை மாற்றிவிடலாம் என்றார். பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவள் நான். எழுதினேன். அந்தத் தாழ்ப்பாளை நான் நேரில் பார்த்திருக்கிறேன், மல்லிகாவால் ஞாயிறுதோறும் அங்கே போக முடியாது என்றும் தெரியும். தெரிந்தே எழுதினேன். என் பதிவேட்டில் அத்தனை டம்ளர்கள் இருந்தனவே.

மாற்றப்படுகிறவரின் விருப்பத்தைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று மாற்றல் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. செயலாளர் விதி தவறாதவர். எத்திராஜை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, படிவம் முழுவதையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் எத்திராஜ் 'நன்றி' கார்டை எடுத்து அவர் கையில் வைத்தார். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டத்தில் எழுதினார்: "மகிழ்ச்சியுடன் சம்மதித்து நன்றியும் தெரிவித்தார்." கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. எத்திராஜ் படிவத்தைத் தூக்கி எறிவதற்கு முன்னால் செயலாளர் அதைக் கோப்புக்குள் வைத்துவிட்டார். அதனால் பதிவேட்டில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஆய்வாளர் ஒரு வியாழக்கிழமை காலை வந்தார். சாதுவான மனிதர். சுவரில் வரிசையாகத் தொங்கிய புதிய கார்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க, கை படாத மாதிரி இருக்கு" என்றார். கை படவில்லைதான். சமையல்கார ரீட்டாம்மா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், எத்திராஜுக்கு மட்டும் வைக்காதே என்று. ஆய்வாளர் அதைக் கவனித்துவிட்டார். அவருக்கு மனசு கேட்கவில்லை. தன் டம்ளரையே எத்திராஜ் முன்னால் நகர்த்தி வைத்தார்.

எத்திராஜ் 'நன்றி' கார்டைக் கொடுத்தார்.

"அடடா! வெல்கம், வெல்கம்" என்று ஆய்வாளர் நெகிழ்ந்துபோய் டம்ளரை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

எத்திராஜ் கார்டைத் திரும்ப எடுத்து மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் வெல்கம். டம்ளர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மூன்றாவது தடவை எத்திராஜ் கார்டை ஆய்வாளரின் சட்டைப் பையிலேயே செருகினார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு மரியாதையப் பாத்ததே இல்ல மேடம்" என்று என் பக்கம் திரும்பினார் ஆய்வாளர். அதற்குள் காபி அவருடைய ஆய்வுப் பட்டியலின் மேல் பாய்ந்துவிட்டது. அவர் சட்டையிலும் பாதி.

செயலாளர் கைக்குட்டையோடு ஓடினார். நான் வழக்கம்போல நேரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. பேனாவைத் தேடினேன். அப்போது ரீட்டாம்மா தட்டை டங்கென்று மேஜையில் வைத்தாள்.

"ஸ்வல்ப, கொஞ்சம் நில்லுங்கம்மா. எழுதறதெல்லாம் அப்புறம். பதினாலு வருஷமா என் கையால காபி குடிக்கிறான். ஒரு நாளாவது காபிய வேணாம்னிருக்கானா? ரெண்டாவது டம்ளர் குடுக்கலைன்னாதான் கலாட்டா பண்ணுவான். அவன் நன்றி சொல்லலம்மா. வேணாங்கறான். அந்தப் பழைய கார்டு எங்க?"

அவள் சொன்ன பிறகு எல்லாம் எவ்வளவு சுலபமாகப் புரிந்தது என்பதுதான் வெட்கம். 'வேண்டாம்' கார்டைக் காட்டினால் நாங்கள் நிறுத்துவோம், விலகிப் போவோம். 'நன்றி' கார்டைக் கொடுத்தாலும் நிறுத்தினோம், சிரித்தோம், விலகிப் போனோம். உள்ளங்கைக்குப் பதில் இரண்டு கை. இருக்கிற கார்டுகளில் எதைக் காட்டினால் இவர்கள் நகருகிறார்கள் என்று பார்த்து அவர் அதை எடுத்துக்கொண்டார். நாங்கள் காபியையும் எடுத்துக்கொண்டு நகர்ந்திருந்தால் டம்ளர் பறந்திருக்காது.

ஆய்வாளர் முன்னிலையில் கைப்பையைத் திறந்தேன். சீப்பு, சாவி, பஸ் டிக்கெட்டுகளுக்கு அடியில் அது கிடந்தது. எத்திராஜ் அதைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிடுங்கிக்கொண்டார். முதலில் கவிழ்ந்து கிடந்த டம்ளரின் மேல் வைத்தார். அடுத்து சுவரில் தொங்கிய புதிய கார்டுகளின் மேல், ஒன்று விடாமல். அப்புறம் என் கைப்பையின் மேல். கடைசியில் அந்தச் சாம்பார்க் கறை கார்டைத் தூக்கித் தன் இடது கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, அப்படியே நின்றார்.

கன்னம் வீங்கியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவிங் செய்துவிட்ட முகம். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பல் டாக்டர் கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்திருக்கிறது என்றார். "இத்தன நாள் எப்படித் தாங்கினாரு? சூடா ஏதும் பட்டாலே உயிர் போயிருக்குமே" என்றார். தினமும் கொதிக்கக் கொதிக்கக் காபி கொடுத்தோம் டாக்டர், அவரும் தினமும் நன்றி சொன்னார் என்று நான் சொல்லவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அழுதேன். பக்கத்தில் எத்திராஜ் பஞ்சைக் கடித்துக்கொண்டு, என் அழுகையின் மேல் கார்டை வைத்தார். நிறுத்திக்கொண்டேன்.

இதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பல் போனது, படிவம் போகவில்லை. திங்கட்கிழமை வண்டி வரும் என்று அந்தத் தாழ்ப்பாள் இல்லத்திலிருந்து தகவல் வந்தது. "சம்மதம் ரெக்கார்ட் ஆயிடுச்சு மேடம். சாட்சி நீங்கதான்" என்றார் செயலாளர். குழுத் தலைவியிடம் போய்ச் சண்டை போட்டேன். நான் எழுதியது தப்பு, நான் போட்ட கையெழுத்து தப்பு, எத்திராஜிடம் திரும்பக் கேளுங்கள் என்றேன். சனிக்கிழமை கூட்டம் கூடியது. மல்லிகா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

படிவத்தை எத்திராஜ் முன்னால் வைத்தார்கள். 'வேண்டாம்' கார்டு அதன் மேல் வந்து விழுந்தது.

"இது அவர் எல்லாத்து மேலயும் வைக்கிற கார்டாச்சே" என்றார் செயலாளர். "இத எப்படி பதில்னு எடுத்துக்கறது? கார்டு வேலை செய்யுதான்னு மொதல்ல டெஸ்ட் பண்ணணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ரீட்டாம்மா காபியோடு உள்ளே வந்துவிட்டாள். எத்திராஜ் கார்டை மடியில் வைத்துக்கொண்டு காபியைக் குடித்தார். படிவத்தை நீட்டினார்கள். கார்டு. பிஸ்கட்டை நீட்டினார்கள். சாப்பிட்டார். படிவம். கார்டு. செய்தித்தாள் ஒன்றைக் கொடுத்தார்கள், புரட்டினார். நடுவே செருகியிருந்த படிவம் வந்ததும் அதை மட்டும் உருவி மேஜையில் போட்டுக் கார்டை வைத்தார். இரண்டாவது டம்ளர் வந்தது. குடித்தார். தொழிற்சாலையில் எந்தப் பொருளையும் இவ்வளவு தடவை சோதித்திருக்க மாட்டார்கள். செயலாளர் ஒவ்வொன்றையும் எழுதி, டிக் அடித்து, "ஆனாலும் இன்னொரு ஆங்கிள்ல பாத்தா" என்று ஆரம்பித்தார். எத்திராஜ் எழுந்து போய்க் கார்டை அவர் வாயின் மேல் வைத்தார்.

தலைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படிவத்தின் குறுக்கே கோடு போட்டு, "இதுக்கு மேல என்ன தெளிவு வேணும்?" என்றார். கதவோரம் மல்லிகா பையிலிருந்து தில்பசந்த் பொட்டலத்தை எடுத்தாள். இரண்டு பேரும் படிக்கட்டுக்குப் போய்விட்டார்கள்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் ஏதும் இல்லை. நீங்கள் போகும் இல்லத்தில் எல்லோரும் எப்போதும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால் பயப்படுங்கள். 'வேண்டாம்' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அநேகமாக உங்களைப் போல வேலை தெரிந்த, அக்கறையுள்ள ஒருத்தியின் கைப்பையில் இருக்கும். பதிவேட்டில் என்ன எறிந்தார் என்று எழுதுவதற்கு முன்னால், எறிவதற்கு முன்னால் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். எனக்கு அதற்கு இருபது வருடம் பிடித்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஆய்வு அறிக்கை வந்தது. காபி கொட்டிய பட்டியலை வைத்து ஆய்வாளர் எப்படி எழுதினாரோ, எங்களுக்கு மிக நல்ல மதிப்பெண். கோப்புகள் சிறப்பு, சுவர் சிறப்பு, மரியாதை மிகச் சிறப்பு. குறை ஒன்றே ஒன்று: "தகவல் பரிமாற்றக் கார்டு ஒன்று உணவுக் கறையுடன் சுகாதாரமற்ற நிலையில் உள்ளது. அதை அகற்றிப் புதியது வழங்கி, படத்துடன் அறிக்கை அனுப்பவும்."

செயலாளர் அன்றே அச்சகத்துக்கு ஓடினார். இந்த முறை மனதார ஓடினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலையே வந்துவிட்டது: பளபளக்கும் லேமினேஷன், நான்கு மூலையும் கூராக, அழகான புதிய 'வேண்டாம்' கார்டு. எத்திராஜ் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மேஜையில் வைத்தோம். டம்ளரைக் கீழே வைத்தார். புதியதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். திரும்ப மேஜையில் நேராக வைத்தார். பிறகு இடுப்பு வளையத்திலிருந்து பழைய 'வேண்டாம்' கார்டைக் கழற்றி அதன் மேல் வைத்தார்.

நான் செயலாளரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "எனக்கும் ஒரு காபி குடும்மா" என்று ரீட்டாம்மாவிடம் சொன்னார். நான் போனை எடுத்து இரண்டு கார்டுகளையும் அப்படியே படம் பிடித்து, வேறு ஒரு வார்த்தையும் எழுதாமல், அதையே அறிக்கையாக அனுப்பிவைத்தேன்.